கைத்துப்பாக்கிக்கு ரெட் டாட்டா, லேசரா? வாங்குவது முதல் ஜீரோ செய்வது வரை

ரெட் டாட் வாங்கலாமா, லேசர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் விலையையோ பிராண்டையோ பேசுவதில்லை. "சுடும்போது உங்கள் கண் எங்கே இருக்கும்?" என்றுதான் கேட்பேன். துப்பாக்கியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, கண்ணாடி வழியாக இலக்கைப் பார்த்துச் சுடுவதற்கான கருவி ரெட் டாட். துப்பாக்கி இடுப்பருகே இருந்தாலும், நெஞ்சோடு அணைந்திருந்தாலும், தோட்டா எங்கே போகும் என்பதை இலக்கின்மேலேயே காட்டுவது லேசர். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்து ஒப்பிடத் தொடங்கினால் கடைசிவரை குழப்பம் தீராது.

எதையும் வாங்கும் முன் இரண்டு விஷயம். முதலாவது, உங்கள் உரிமம் எதை அனுமதிக்கிறது என்று பாருங்கள். துப்பாக்கி வைத்திருக்க அனுமதி உள்ள சில நாடுகளிலேயே லேசர் பொருத்துவதற்குத் தடை உண்டு. இரண்டாவது, இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் தோட்டா நீக்கிய துப்பாக்கியோடுதான் தொடங்குகிறது. தோட்டாக்கூடான மேகசினைக் கழற்றுங்கள், துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

படி 1: இரண்டும் எப்படி வேலை செய்கின்றன

ரெட் டாட்டுக்குள் ஒரு சிறிய எல்இடி இருக்கிறது. அதன் ஒளி முன்னால் உள்ள வளைந்த கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்புகிறது. அந்தக் கண்ணாடியின் பூச்சு, எல்இடியின் நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மற்ற வெளிச்சத்தை உள்ளே விடும். திரும்பும் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருவதால் புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பதுபோல் தெரியாது. தூரத்தில், இலக்கின்மேல் மிதப்பதுபோல் தெரியும். இலக்கின்மேல் உண்மையில் எந்த வெளிச்சமும் விழுவதில்லை. புள்ளி உங்கள் கண்ணுக்கு மட்டுமே.

இதை நேரில் பார்க்க எளிய வழி உண்டு. தோட்டா நீக்கிய துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, புள்ளியைச் சுவரில் ஒரு குறிக்கு நேராக நிறுத்துங்கள். தலையை இடது வலதாக மெதுவாக அசையுங்கள். புள்ளி கண்ணாடிக்குள் ஓரத்துக்கு ஓரம் போகும், ஆனால் சுவரில் உள்ள குறியை விட்டு விலகாது. மிகக் கிட்டத்தில் சிறிது நகரலாம், அது இயல்பு. புள்ளி நடுவில்தான் இருக்க வேண்டும் என்று தவிக்க வேண்டாம், கண்ணாடிக்குள் தெரிந்தால் போதும் என்பதற்கு இதுதான் காரணம்.

இந்த எண்ணம் புதிதல்ல. அயர்லாந்தைச் சேர்ந்த ஹோவர்ட் க்ரப் 1900-இல் பிரதிபலிப்பு சைட்டுக்கு (சைட் என்றால் குறிபார்க்கும் கருவி) காப்புரிமை பெற்றார். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் 1975-இல் மின்னணு ரெட் டாட்டைக் கொண்டுவந்தது. பிஸ்டலின் ஸ்லைடில் அதை ஏற்றுவதுதான் கடினமான கட்டம். ஒவ்வொரு சுடலிலும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து முன்னால் மோதுகிறது, அந்த அடி முழுவதையும் கருவியும் தாங்க வேண்டும். 2009-இல் ட்ரிஜிகான் நிறுவனத்தின் ஆர்எம்ஆர் என்ற ரெட் டாட் வந்தது. க்ளாக் நிறுவனம் 2015-இல் ரெட் டாட் பொருத்துவதற்கென்றே ஸ்லைடை வெட்டிய எம்ஓஎஸ் வகையை விற்கத் தொடங்கியது. அதன்பின் இது சாதாரண விஷயமாகிவிட்டது.

லேசர் நேர்மாறானது. கதிர் துப்பாக்கியிலிருந்து கிளம்பி இலக்கில் போய் விழுகிறது. ஆனால் அது குழலின் நடுவிலிருந்து கிளம்புவதில்லை. துப்பாக்கியின் அடியில் உள்ள ரெயில் என்ற பட்டையில் மாட்டும் லேசர் குழலுக்கு 3, 4 செ.மீ. கீழே இருக்கும். இந்த இடைவெளி கையிலிருக்கும்போது கண்ணில் படாது, கணக்கில் மட்டும் படும்.

4 செ.மீ. கீழே உள்ள லேசரை 10 மீட்டரில் ஜீரோ செய்திருக்கிறீர்கள், அதாவது அந்தத் தூரத்தில் புள்ளி இருக்குமிடத்திலேயே தோட்டா படும்படி சரிசெய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டரில் தோட்டா புள்ளிக்கு 2 செ.மீ. மேலே படும். 20 மீட்டரில், சாதாரண 9 மி.மீ. தோட்டா புள்ளிக்கு ஏறக்குறைய 5 செ.மீ. கீழே படும். இது லேசரின் கோளாறு இல்லை. இரண்டு கோடுகள் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டால் அதற்கு முன்னும் பின்னும் விலகித்தான் ஆக வேண்டும்.

படி 2: எதற்காக என்று எழுதிக்கொள்ளுங்கள்

போட்டிக்கு என்றால் முதலில் விதிப்புத்தகம். ஒலிம்பிக் வகைப் போட்டிகளை நடத்தும் ஐஎஸ்எஸ்எஃப்பின் பிஸ்டல் பிரிவுகளில் திறந்த சைட், அதாவது கண்ணாடி இல்லாத சாதாரண சைட் மட்டுமே. ரெட் டாட்டுக்கும் லேசருக்கும் இடமில்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டல், 25 மீட்டர் பிஸ்டல் பயிற்சி எடுப்பவர்கள் இதில் பணம் போட வேண்டியதில்லை. ஐபிஎஸ்சி போன்ற வேகப் போட்டிகளில் புரொடக்ஷன் ஆப்டிக்ஸ், ஓப்பன் என்று ரெட் டாட்டுக்கான பிரிவுகள் உள்ளன. அங்கே போவதானால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

வீட்டுப் பாதுகாப்புக்கு என்றால் யோசிக்க வேண்டியது நிறைய. ஒரு கையில் குழந்தையைப் பிடித்திருக்கலாம், தரையில் விழுந்து கிடக்கலாம், மூக்குக்கண்ணாடி கட்டிலருகே கிடக்கலாம். துப்பாக்கியைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவர முடியாத நேரங்களில் லேசரின் அருமை தெரியும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இருட்டில் எதிரே நிற்பவர் யார் என்பதை லேசரும் காட்டாது, ரெட் டாட்டும் காட்டாது. அதற்கு டார்ச் வேண்டும். வீட்டுக்கென்று ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், இரண்டையும் விட்டுவிட்டு நல்ல டார்ச் வாங்குங்கள் என்பதே என் கருத்து.

படி 3: உங்கள் கண்ணைச் சோதியுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதும் இதுதான்.

சாதாரண சைட்டில் மூன்று பொருள்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது: பின் சைட், முன் சைட், இலக்கு. கண்ணால் ஒன்றை மட்டுமே தெளிவாகப் பார்க்க முடியும், அது முன் சைட்டாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். நாற்பதைத் தாண்டியபின் கை நீட்டும் தூரத்தில் உள்ள அந்தச் சிறிய முன் சைட் மங்கத் தொடங்குகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால் சைட் தெளியும், இலக்கு மங்கும். ரெட் டாட் இந்தச் சிக்கலை அடியோடு தீர்க்கிறது. பார்வையை இலக்கில் வையுங்கள், புள்ளி தானாக அதன்மேல் வந்து உட்காரும். லேசரிலும் இலக்கைத்தான் பார்க்கிறீர்கள் என்பதால் இந்த நன்மை அதிலும் உண்டு.

ஆனால் ஆஸ்டிக்மாட்டிசம் எனப்படும் பார்வைக் குறை உள்ளவர்களுக்கு ரெட் டாட்டின் புள்ளி வட்டமாகத் தெரியாது. நட்சத்திரம்போல் சிதறியோ, வால் முளைத்தோ, திராட்சைக் கொத்துபோலவோ தெரியும். கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி, போன் கேமராவைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் படம் எடுப்பது. படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் கருவி நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் முதலில் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் சிரமம் அதிலேயே குறைந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அடுத்து பச்சைப் புள்ளி உள்ளதைப் பாருங்கள், வட்டமும் புள்ளியும் சேர்ந்த குறி உள்ளதையும் பாருங்கள். கண் மருத்துவர் எழுதித் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கவும் மறக்காதீர்கள். இவ்வளவுக்கும் பிறகும் புள்ளி சிதறினால், லேசர் பக்கம் சாய்வதற்கு அது நியாயமான காரணம்.

படி 4: எந்த வெளிச்சத்தில் சுடுவீர்கள்

நண்பகல் வெயிலில் சிவப்பு லேசரின் புள்ளி சில மீட்டரிலேயே காணாமல் போய்விடும். பச்சை அதைவிடத் தாக்குப்பிடிக்கும். இதற்குக் காரணம் நம் கண்தான். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தை மிக நன்றாக உணர்கிறது. பச்சை லேசர்கள் 515 முதல் 532 வரை, அதாவது அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சிவப்பு 635 முதல் 650 வரை. ஒரே 5 மில்லிவாட் சக்தியில் 532 பச்சை, 650 சிவப்பைவிட ஏறக்குறைய 8 மடங்கு பிரகாசமாகக் கண்ணுக்குத் தெரியும்.

பச்சையிலும் இரண்டு வகை உண்டு. பழைய 532 வகை, அகச்சிவப்பு ஒளியைப் படிகங்கள் வழியாக அனுப்பிப் பச்சையாக மாற்றுவது. கடுங்குளிரில் அது மங்கும், பேட்டரியையும் அதிகம் தின்னும். நேரடியாகப் பச்சையை உமிழும் டயோடு உள்ளவை, 515 முதல் 520 வரை என்று குறித்திருக்கும். பச்சை லேசர் வாங்குவதானால் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ரெட் டாட்டுக்கு வெயில் பிரச்சினை இல்லை, வெளிச்சத்தைக் கூட்டினால் சரி. இருட்டறையில்தான் கவனம் வேண்டும். பகலுக்கு வைத்த வெளிச்சம் இரவில் கண்ணைக் கூசச் செய்து இலக்கையே மறைத்துவிடும். இன்னொரு நிலையும் உண்டு: நீங்கள் இருட்டிலிருந்து பளிச்சென்ற டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சும்போது, குறைத்து வைத்த புள்ளி அதில் கரைந்துவிடும். தானாக மாறும் வெளிச்சம் உள்ள கருவி உங்களைச் சுற்றியுள்ள வெளிச்சத்தைத்தான் அளக்கும், இலக்கின்மேல் உள்ளதை அல்ல. அதனால் கையால் மாற்றும் வசதியும் இருக்க வேண்டும்.

படி 5: கருவியைத் தேர்ந்தெடுப்பது

ரெட் டாட் என்று முடிவு செய்தால், முதல் கேள்வி அது உங்கள் ஸ்லைடில் உட்காருமா என்பது. ஒவ்வொரு நிறுவனத்தின் அடிப்பகுதிக்கும் திருகுத் துளைகளின் அமைப்பு வேறு. ஆர்எம்ஆர் அமைப்பு, டெல்டாபாயிண்ட் ப்ரோ அமைப்பு, சிறிய பிஸ்டல்களுக்கான ஆர்எம்எஸ்சி அமைப்பு என்று சில பொதுவாகிவிட்டன. ஸ்லைடின் வெட்டும் கருவியின் அடியும் நேரடியாகப் பொருந்தினால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் இடையில் ஒரு தகடு வேண்டும். ஸ்லைடில் வெட்டே இல்லையென்றால் நல்ல பட்டறையில் கொடுத்து வெட்ட வேண்டும். பின் சைட்டின் பள்ளத்தில் செருகும் தகடுகளும் கிடைக்கும். கருவி உயரத்தில் உட்காரும், ஆட்டமும் வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அப்புறம் திறந்த வகையா, மூடிய வகையா. திறந்த வகையில் எல்இடி வெளியே தெரியும். ஒரு மழைத்துளியோ, சட்டையின் பஞ்சோ அதன்மேல் விழுந்தால் புள்ளி சிதறும் அல்லது மறையும். எய்ம்பாயிண்டின் ஆக்ரோ போன்ற மூடிய வகையில் முன்னும் பின்னும் கண்ணாடி அடைத்திருக்கும், துடைத்தால் போதும். சற்றுக் கனம் கூடும். உடலோடு எடுத்துச் செல்பவர்களுக்கு மூடியதையே சொல்வேன். ரேஞ்சில் மட்டும் சுடுபவர்களுக்குத் திறந்தது போதும்.

புள்ளியின் அளவை எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள். 1 எம்ஓஏ என்பது 100 மீட்டரில் 29 மி.மீ. அதன்படி 3 எம்ஓஏ புள்ளி 25 மீட்டரில் 22 மி.மீ. அளவு இடத்தை மறைக்கும். 6 எம்ஓஏ 44 மி.மீ. துல்லியமாகக் குழு போட (தோட்டாக்களை நெருக்கமாக ஒரே இடத்தில் பதிக்க) விரும்பினால் சிறியது, சட்டென்று கண்ணில் பட வேண்டும் என்றால் பெரியது. புதியவர்களுக்கு 3-க்கும் 6-க்கும் இடைப்பட்டதைத் தாராளமாகச் சொல்லலாம்.

பேட்டரியை எங்கே மாற்றுவது என்றும் பாருங்கள். சில கருவிகளில் பேட்டரி அடியில் இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் கருவியையே கழற்ற வேண்டும், திரும்ப மாட்டியபின் ஜீரோவைச் சரிபார்க்க வேண்டும். பக்கவாட்டிலோ மேலேயோ திறப்பது வசதி.

லேசரில் மூன்று வகை. ரெயிலில் மாட்டுவது மலிவு, டார்ச்சோடு சேர்ந்தும் வரும். ஆனால் அதற்கேற்ற உறை தேட வேண்டும். பிடியில் வருவது, பிடித்தவுடன் விரல் அழுத்தத்தில் எரியும், பெரும்பாலும் பழைய உறையே போதும்; பிடித்திருக்கும் கையின் விரல் கதிரை மறைக்காமல் இருக்கப் பழக வேண்டும். ஸ்பிரிங் தாங்கும் கம்பிக்குள் வரும் வகை வெளியே தெரியாது, ஆனால் பொதுவாக அதைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. சிறிய ரிவால்வருக்கு மட்டும் என் பதில் தயங்காமல் பிடி லேசர். அதன் சைட் வெறும் பள்ளம்தான், ரெட் டாட் வைக்க இடமும் குறைவு.

படி 6: மாட்டுவது

திருகுத் துளைகளையும் திருகுகளையும் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்குங்கள். திருகின் நீளத்தைப் பாருங்கள். நீளம் கூடினால் சில பிஸ்டல்களில், காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டருக்குப் பின்னால் உள்ள ஊசியில் அது முட்டி, காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கும். திருகை இறுக்கியபின் ஸ்லைடைக் கையால் இயக்கி, எக்ஸ்ட்ராக்டர் முன்புபோல் அசைகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி போதும், சிவப்பு வேண்டாம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள்.

கடைசியாக, திருகின் தலையிலிருந்து கருவியின் உடல்மேல் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் திருகு சுழன்றுவிட்டது. ஒருமுறை என் புள்ளி நாள் முழுக்க இடதுபுறம் நகர்ந்துகொண்டே போனது. மாலைவரை அதைத் திருகித் திருகித் திருத்தினேன். கருவியே தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அன்று அந்தக் கோடு இருந்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும்.

படி 7: ஜீரோ செய்வது

ரெட் டாட்டை முதலில் 10 மீட்டரில் மணல்மூட்டையில் கையை ஊன்றி, 5 தோட்டா சுட்டுக் குழுவின் நடுவைப் பாருங்கள். ஒரு தோட்டாவைப் பார்த்துத் திருகைத் தொடாதீர்கள். ஒரு கிளிக் 1 எம்ஓஏ என்றால் 10 மீட்டரில் 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நகரும், 25 மீட்டரில் 7 மி.மீ.க்குச் சற்று மேல். கிட்டத்தில் வந்தபின் 25 மீட்டருக்குப் போய் முடியுங்கள்.

25 மீட்டர் ஏன் என்றால், புள்ளி குழலுக்கு 2 செ.மீ.க்குச் சற்று மேலே இருக்கிறது, 9 மி.மீ. தோட்டாவும் 25 மீட்டருக்குள் 2.5 செ.மீ. அளவுதான் இறங்குகிறது. இந்த இரண்டும் சேர்ந்து, 10 முதல் 25 மீட்டர் வரை தோட்டாவைப் புள்ளிக்கு 1 செ.மீ.க்குள் வைத்துவிடுகின்றன. 3 மீட்டரில் மட்டும் 2 செ.மீ. கீழே படும், அதை நினைவில் வைத்தால் போதும்.

லேசருக்கு 25 மீட்டர் வேண்டாம். உண்மையில் பயன்படுத்தப் போகும் தூரத்தில், 7 அல்லது 10 மீட்டரில் செய்யுங்கள். நிழலில் செய்யுங்கள், வெயிலில் புள்ளியைத் தேடியே கண் களைத்துவிடும்.

படி 8: பழகுவது

ரெட் டாட் வாங்கிய முதல் வாரம் எல்லாரும் சொல்வது, "புள்ளி தெரியவே இல்லை". துப்பாக்கியை உயர்த்தியதும் கண்ணாடி காலியாக இருக்கும். பெரும்பாலும் குழலின் முனை சற்று மேல்நோக்கி இருக்கும், புள்ளி கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும். அங்கேயே மணிக்கட்டை ஆட்டித் தேடாதீர்கள். துப்பாக்கியை நெஞ்சருகே திரும்பக் கொண்டுவந்து, பழைய முன் சைட்டைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு மறுபடி நீட்டுங்கள். முன் சைட் வருமிடத்தில் புள்ளியும் வரும். தோட்டா இல்லாமல் தினம் 10 நிமிடம், இரண்டு மூன்று வாரம்; கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு நல்ல பயிற்சி: ரெட் டாட் கண்ணாடியின் முன்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். இலக்கைப் பார்த்தால், ஒரு கண் இலக்கையும் மறு கண் புள்ளியையும் எடுத்துச் சேர்த்துக் காட்டும். பார்வை புள்ளிக்கு ஓடினால் டேப் மட்டுமே தெரியும். பார்வை எங்கே இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

லேசரின் பெரிய பயன் என்னைப் பொறுத்தவரை பயிற்சியில்தான். வெற்றுத் துப்பாக்கியில் லேசரை எரியவிட்டு, கண்ணாடியோ பளபளப்போ இல்லாத கெட்டியான சுவரில் ஒரு குறியைப் பார்த்து ட்ரிகரை மெதுவாக அழுத்துங்கள். ட்ரிகர் விடுபடும் கணத்தில் புள்ளி எங்கே துள்ளுகிறது என்று பாருங்கள். வலக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் கீழே இடதுபுறம். உங்கள் கை செய்யும் தவறைச் சுவர் அப்படியே எழுதிக் காட்டும்.

அதே புள்ளி ரேஞ்சில் கெடுதலும் செய்யும். எந்தக் கையும் அசையாமல் நிற்காது. நடுங்கும் புள்ளி நடுவுக்கு வரும் வரை காத்திருந்து, வந்த கணத்தில் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். நான் முதலில் வாங்கியது லேசர்தான். ஒரு மாதத்தில் என் குழு சுருங்குவதற்குப் பதில் விரிந்தது, காரணம் இந்தத் துரத்தல்தான். புள்ளி நடுங்கட்டும், குறியைச் சுற்றி நடுங்கினால் போதும், ட்ரிகரை மட்டும் சீராக அழுத்துங்கள்.

லேசர் கதிர் கண்ணுக்கு ஆபத்து. 5 மில்லிவாட் என்றாலும் யார் கண்ணிலும் படக்கூடாது, கண்ணாடியில் பட்டுத் திரும்புவதும் அதில் சேரும். வானத்தில் விமானத்தை நோக்கி ஒருபோதும் காட்டாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம்.

எதை வாங்குவது, எப்படிப் பார்த்துக்கொள்வது

வயது ஏறிய கண், நடுத்தர அளவுப் பிஸ்டல், வாரம் ஒருமுறையாவது பயிற்சி என்றால் ரெட் டாட். அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. பயிற்சிக்கு நேரமே கிடைக்காதவர், கழுத்தோ தோளோ வலியால் கையை முழுதாக நீட்ட முடியாதவர், சிறிய ரிவால்வர் வைத்திருப்பவர் லேசரைப் பார்க்கலாம். இரண்டையும் ஒன்றாக மாட்டுவதில் தவறில்லை, ஆனால் ஒன்றில் கை பழகியபின் மற்றதைச் சேருங்கள். கண்ணாடிக்குள் ஒரு புள்ளி, சுவரில் ஒரு புள்ளி என்று இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தால் புதியவரின் கண் தடுமாறும்.

எதை மாட்டினாலும் சாதாரண சைட்டைக் கழற்றாதீர்கள். ரெட் டாட் கண்ணாடி வழியாகவும் தெரியும்படி உயரமான சைட்டுகள் கிடைக்கும். புள்ளி அணைந்தாலும் அதை வைத்துச் சுடலாம்.

பேட்டரி விஷயத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நல்ல ரெட் டாட் நடுத்தர வெளிச்சத்தில் 50,000 மணி நேரம் எரியும் என்கிறார்கள், அதாவது 5 ஆண்டுக்கு மேல். லேசர் தொடர்ந்து எரிந்தால் சில மணி நேரம்தான். அதற்காக 5 ஆண்டு காத்திருக்காதீர்கள். ஆண்டுக்கொருமுறை, மறக்காத ஒரு தேதியில், ரெட் டாட்டின் பேட்டரியை மாற்றுங்கள். லேசருக்கு மாற்றுப் பேட்டரி ஒரு ஜோடி கையோடு இருக்கட்டும். மாதம் ஒருமுறை கண்ணாடியை லென்ஸ் துணியால் துடையுங்கள், லேசரின் வாயில் படியும் புகைக்கரியை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் எடுங்கள், திருகின்மேல் போட்ட கோட்டைப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் உறையில் போட்டுவிடலாம்.